முரளிட கை, எங்கட போன்: எது அளாப்பல்?

(திரையில: வட்ஸ்அப் மெசேஜ் ஒண்டு, பேர் மறைச்சிருக்கு)

"சேர், முரளிக்கு கை பிறக்கேக்கயே வளைஞ்சது, அதோட 800 விக்கெட் எடுத்தா லெஜண்ட். எனக்கு மெட்ஸ் மூளை பிறக்கேக்கயே இல்ல, அதுக்கு நான் சாட்ஜிபிடி பாவிச்சா மட்டும் களவா?"

வணக்கம் மக்களே. இது போன கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு வந்த மெசேஜ். நான் வெள்ளவத்தையில மெட்ஸ் கிளாஸ் எடுக்கிறன், அனுப்பினது ஓஎல் சோதனைக்குப் படிக்கிற பெடியன் ஒருத்தன். நடந்தது என்னெண்டா, இருபடிச் சார்பு ஒண்டு குடுத்து அதின்ட உயர்வுப் பெறுமானம் கண்டுபிடிக்கச் சொல்லி ஹோம்வேர்க் குடுத்தன், இவன் வகையீடு செஞ்சு வடிவா விடை கொண்டு வந்திட்டான். வகையீடு, அதான் டிஃபரன்சியேஷன், ஓஎல் முடிச்சுப் போற ஏஎல் கம்பைன்ட் மெட்ஸ்ல வாற பாடம், ஓஎல்ல வராது. நான் பேசேல்ல, சும்மா சிரிச்சிட்டு "இது ஆர்ட வேலை?" எண்டு மட்டும் கேட்டன், அதுக்குத்தான் அண்டைக்கு இரவே இந்தப் பதில். முதல்ல கோவம் வந்தது, பிறகு யோசிச்சுப் பார்த்தா கேள்வி நல்ல கேள்வி. ஒரு வரியில மறுமொழி போட ஏலேல்ல, அதுதான் இந்த வீடியோ.

சரி, முதல்ல முரளி, அதான் எங்கட இலங்கைச் சுழல்பந்துக்காரர் முத்தையா முரளிதரன்.

(திரையில: மெல்பேர்ன் மைதானம், 1995)

1992ல கொழும்பு கெத்தாராமையில, அதான் இப்ப பிரேமதாச ஸ்டேடியம், அவுஸ்திரேலியாவுக்கு எதிரா முதல் டெஸ்ட் விளையாடின கண்டிப் பெடியன். மூண்டு வருஷம் கழிச்சு, 1995 நத்தாருக்கு அடுத்த நாள், மெல்பேர்ன்ல நடுவர் டரல் ஹெயர் அவர் பந்தெறியிறார் எண்டு சொல்லி மூண்டு ஓவருக்குள்ள ஏழு தரம் நோ போல் குடுத்தார். ஐம்பதாயிரத்துக்கு மேல சனம் பார்த்துக்கொண்டிருக்கு. எங்கட கப்டன் அர்ஜுன என்ன செஞ்சார், முரளிய மற்றப் பக்கத்தால போட வச்சார், அந்தப் பக்கம் நிண்ட நடுவர் ஒண்டும் சொல்லேல்ல. அதே நாள், அதே கை, அதே பந்து. ஒருத்தர்ட கண்ணுக்கு கள்ளன், மற்றவர்ட கண்ணுக்கு சரியான ஆள். இத கொஞ்சம் ஞாபகம் வச்சிருங்கோ, கடைசியில தேவைப்படும்.

இதில எங்கட ஆக்களே நிறையப் பேர் பிழையா விளங்கி வச்சிருக்கிற விஷயம் ஒண்டு இருக்கு. கிரிக்கெட்ல கை வளைஞ்சிருக்கிறது குற்றமே இல்ல. வளைஞ்ச முழங்கைய பந்து விடப் போகேக்க நிமித்துறதுதான் எறியிறது. முரளிக்கு பிறப்பிலயே முழங்கை முழுசா நிமிராது, அதோட தோள் சுத்துற வேகமும் மணிக்கட்டு சுழலுற விதமும் சேர்ந்து, பார்க்கிறவனுக்கு எறியிற மாதிரி ஒரு தோற்றம். 1996ல மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலயும் ஹொங்கொங்கிலயும் கமரா எல்லாம் வச்சு அளந்து பார்த்துச் சொன்னதும் அதான், கண்ணுக்கு வாற மயக்கம். 2004ல பிரச்சினை திரும்ப வந்தது, இந்த முறை தூஸ்ராவுக்கு, அதான் வழமைக்கு எதிர்ப்பக்கம் திரும்புற பந்து. அதைப் போடேக்க முழங்கை எவ்வளவு நிமிருது எண்டு அளந்தா 14 பாகை, பிறகு திருத்தி 10 பாகை அளவுக்குக் கொண்டு வந்தார். அப்ப சுழல் பந்துக்கு இருந்த எல்லை 5 பாகை, அதால தூஸ்ரா போட வேண்டாம் எண்டு நிப்பாட்டினாங்கள். ஆனா மற்ற ஆக்களையும் அளந்து பார்க்கேக்க, நல்ல பிள்ளையள் எண்டு நினைச்ச வேகப்பந்துக்காரர் கனபேர் தங்கட எல்லையைத் தாண்டித்தான் போட்டிருக்கினம், ஒருத்தருக்கும் அது கண்ணில படேல்ல. கடைசியில 2005ல எல்லாருக்கும் ஒரே எல்லை, 15 பாகை. அதுக்கு மேல போனாத்தான் வெறும் கண்ணுக்கே தெரியத் தொடங்கும் எண்டது காரணம்.

அப்ப தம்பி, முரளிட கை உன்ட கேள்விக்கு சரியான உதாரணம் இல்ல. கை வளைஞ்சிருந்தது விதியை மீறினதே இல்ல. உன்ட கேள்விக்கு இன்னும் பொருத்தமான ஆள் ஒருத்தர் இருக்கிறார், அவர நானே உனக்குத் தாறன்.

(திரையில: பனிச்சறுக்கு ஓட்டம்)

பின்லாந்து. ஈரோ மன்டிரான்டா எண்டு ஒருத்தர், பனியில சறுக்குக் கட்டை போட்டு நீண்ட தூரம் ஓடுற ஆள். 1964 ஒலிம்பிக்ல 15 கிலோமீட்டரை 40 செக்கன் வித்தியாசத்தில வெண்டார், மொத்தமா ஏழு ஒலிம்பிக் பதக்கம். அவர்ட ரத்தத்தில சிவப்பணு சாதாரண ஆக்கள விட எக்கச்சக்கம் கூட, அதால ஆள் என்னவோ செய்யிறார் எண்டு ஊரே கதைச்சது. 1990கள்ல விஞ்ஞானிகள் அவர்ட குடும்பத்தையே சோதிச்சுப் பார்த்தா மரபணுவில ஒரு சின்ன மாற்றம். ஈபிஓ எண்டு ஒரு ஹோமோன் இருக்கு, சிவப்பணு செய்யச் சொல்லி எலும்பு மச்சைக்கு ஓடர் குடுக்கிறது அதுதான், காணும் எண்டு நிப்பாட்டுற சுவிட்ச் இவங்கட குடும்பத்தில சிலருக்கு வேலை செய்யாது. சும்மா இருக்கேக்கயே மற்றவங்கள விட கன ஒட்சிசன் தசைக்குப் போகும்.

இனித்தான் சிக்கல். அதே ஈபிஓவை ஊசியால ஏத்தினா, அதான் சைக்கிள்காரர் 90கள்ல செஞ்ச வேலை, அது ஊக்கமருந்து, தடை. ரெண்டு பேர்ட ரத்தத்தையும் போத்தல்ல எடுத்துப் பக்கத்தில வச்சா கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒருத்தருக்கு பதக்கம், மற்றவருக்குத் தடை. இது நியாயமா எண்டு கேட்டா, உண்மையச் சொல்லுறன், நியாயம் இல்ல. பிறக்கேக்க கிடைச்சது ஒருத்தரும் உழைச்சு எடுத்ததில்ல. மைக்கல் பெல்ப்ஸ் உயரம் 193 சென்டிமீட்டர், கைய விரிச்சா 201, அவர் அத ஜிம்முக்குப் போய் வளர்க்கேல்ல. ஆனா விளையாட்டு எண்டுறது நியாயத்தை அளக்கிற தராசு இல்லையே, இந்த உடம்பு பழக்கினா எவ்வளவு தூரம் போகும் எண்டு பார்க்கத்தானே சனம் டிக்கெட் வாங்கி இருக்குது. ஊசி போட்டா பார்க்கிறது உடம்பை இல்ல, மருந்துக்கடையை.

2016ல பெல்ஜியத்தில நடந்த சைக்கிள் உலகப் போட்டியொண்டில ஒரு இளம் வீராங்கனைட சைக்கிள் சட்டத்துக்குள்ள சின்ன மோட்டர் ஒண்டு ஒளிச்சு வச்சிருந்தது பிடிபட்டது, ஆறு வருஷத் தடை. இதுக்கு ஆரும் "பாவம், அவக்கு கால் பலம் பிறப்பிலயே குறைவு" எண்டு வாதாடேல்ல. ஏன்? மோட்டர் அவட காலுக்கு பலம் குடுக்கேல்ல, காலே தேவையில்லாம ஆக்கிட்டுது.

இப்ப சோதனை ஹோலுக்கு வருவம்.

(திரையில: காதுக்குள்ள வைக்கிற சின்ன ரிசீவர், கழுத்தில வயர்)

அந்த மோட்டருக்கு எங்கட பக்கத்துச் சொந்தக்காரன் இதுதான். போன் பொக்கெட்டுக்குள்ள, அதில இருந்து கழுத்தைச் சுத்தி உடுப்புக்குள்ளால ஒரு வயர் வளையம், கோல் சத்தம் அந்த வளையத்தில காந்தப்புலமா மாறி, காதுக்குள்ள அவரை விதையளவு இருக்கிற ரிசீவருக்குப் போகும், வெளியில ஒண்டும் தெரியாது. 2021ல ராஜஸ்தான் ஆசிரியர் சோதனையில இத செருப்புக்குள்ளயே வச்சுத் தைச்சுக் கொண்டு வந்தாங்கள், யோசிச்சுப் பாருங்கோ, ரீச்சராகப் போறவை! அந்தச் சோதனைக்காக அங்க இன்டர்நெட்டையும் நிப்பாட்டி இருந்தது. சீனாவில 2015ல சட்டத்தை மாத்தி, அரச சோதனையில இப்பிடிக் களவுக்கு ஏற்பாடு செஞ்சா ஏழு வருஷம் வரை உள்ளுக்குப் போகலாம் எண்டு ஆக்கினாங்கள், 2025ல அங்க பெரிய ஏஐ கம்பனியள் கௌகௌ எண்டுற கெம்பஸ் நுழைவுச் சோதனை நேரத்தில படம் எடுத்துக் கேள்வி கேக்கிற வசதியையே மூடி வச்சினம். எங்கட நாட்டில 2024 புலமைப்பரிசில் சோதனையில மூண்டு கேள்வி முதலே வெளியில போய், கடைசியில உயர் நீதிமன்றம் வரை போய் அந்த மூண்டுக்கும் எல்லாருக்கும் புள்ளி குடுத்து முடிச்சாங்கள். அதுக்கு ரிசீவர் ஒண்டும் தேவைப்படேல்ல, பெரிய ஆக்களே காணும்.

ஆனா தம்பி சொல்லுறது சோதனை ஹோல் களவை இல்ல, அவன்ட கேள்வி வேற. மூளை குறைவா இருக்கிறவன் ஒரு கருவி எடுத்தா ஏன் பிழை?

கருவி எடுத்தா பிழையே இல்ல, எங்க எடுக்கிறாய் எண்டதுதான் கதை. நான் கண்ணாடி போடுறன். கடையில கணக்குப் பார்க்க கல்குலேட்டர். ஆனா ஓஎல் மெட்ஸ் பேப்பருக்கு கல்குலேட்டர் இல்ல, மடக்கை அட்டவணைதான், ஏனெண்டா அங்க பார்க்கிறதே அந்தக் கைவேலையை. இது பழங்கால விதி, மாத்தலாமெண்டு நானும் நினைக்கிறன், அது வேற வீடியோ. மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும், முதலே சொல்லி மாத்தணும். மரதன் சப்பாத்துக்கு அப்பிடித்தான் செஞ்சாங்கள், அடி தடிப்பமா உள்ளுக்கு காபன் தட்டு வச்ச சப்பாத்து வந்து நேரமெல்லாம் குறைய, 2020ல ரோட் ஓட்டத்துக்கு 40 மில்லிமீட்டர், ஒரு தட்டு எண்டு எல்லை போட்டாங்கள். ஏன், எங்கட கெம்பஸ் அனுமதியே அப்பிடித்தானே. மெடிசின், இன்ஜினியரிங் மாதிரிக் கோர்ஸ்களுக்கு 40 வீதம் முழுநாட்டுத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கின மாவட்டம். கொழும்பில இருக்கிற எங்கட பிள்ளையளுக்கு கட் ஓஃப் கூட, வீட்ட வீட்ட புலம்பல்தான், எனக்கும் தெரியும். ஆனா அது எழுதி வச்ச விதி, லேப் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் குடுக்கிற இடம். பொக்கெட்டுக்குள்ள ஒளிச்சு ஒருத்தனுக்கு மட்டும் குடுக்கிறதில்ல.

அதோட கெம்பஸுக்கு ஆக்களை எடுக்கப் பாவிக்கிற இசட் ஸ்கோர் எண்டா என்ன? உன்ட புள்ளியில இருந்து எல்லார்ட சராசரியையும் கழிச்சு, புள்ளியள் எவ்வளவு பரந்து கிடக்கு எண்ட நியம விலகலால பிரிக்கிறது. அதாவது உன்ட இடம் எப்பவும் மற்றவனை வச்சுத்தான். கள்ளமா ஒருத்தன் மேல ஏறினா ஆரோ ஒருத்தர் கீழ இறங்கினம், அது ஆரெண்டு உனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எங்கட ஓட்டக்காரி சுசந்திகாவுக்கு மட்டும் தெரிஞ்சது. 2000 சிட்னி, 200 மீட்டர், 22.28 செக்கன், வெண்கலம். ரெண்டாவதா வந்தவ 22.27. முதல் வந்த மரியன் ஜோன்ஸ் அங்க ஒரு சோதனையிலயும் பிடிபடேல்ல, அவ பாவிச்ச ஊக்கமருந்தைக் கண்டுபிடிக்கிற டெஸ்டே அப்ப இல்ல. 2003ல ஒரு கோச் பாவிச்ச சிரிஞ்ச் ஒண்டை அதிகாரியளுக்கு அனுப்பின பிறகுதான் அதுக்கு டெஸ்ட் செஞ்சாங்கள். 2007ல ஜோன்ஸ் தானே ஒத்துக்கொண்டா. சுசந்திகாட வெண்கலம் வெள்ளியா மாற 2009 டிசம்பர் ஆயிட்டுது, ஒன்பது வருஷம். சிட்னியில மேடையில நிக்கேக்க வந்திருக்க வேண்டிய கைதட்டல் எங்க போச்சு? கெம்பஸ் சீட் போன பிள்ளைக்கு ஒன்பது வருஷம் கழிச்சுக் கூட ஒருத்தரும் கடிதம் போடுறதில்ல.

(திரையில: ஒரு எசைன்மென்ட், மேல சிவப்பில 'ஏஐ')

இனி மற்றப் பக்கம். இதுவும் சொல்லாட்டி நான் டரல் ஹெயர் ஆயிடுவன்.

2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்தது, வந்த கையோட அதைப் பிடிக்கிற மென்பொருளும் வந்திட்டுது. அது எப்பிடி வேலை செய்யுதெண்டா, அடுத்த சொல்லு எவ்வளவு லேசா ஊகிக்கலாம் எண்டு பார்க்கும். லேசா ஊகிக்கலாமெண்டா ஏஐ, எதிர்பாராத சொல்லு கூட வந்தா மனுசன். இப்ப நீங்களே சொல்லுங்கோ, தமிழ் மீடியத்தில படிச்சிட்டு கெம்பஸ் போய் இங்கிலிஷில எசைன்மென்ட் எழுதுற எங்கட பிள்ளை எப்பிடி எழுதும்? பாடமாக்கின வசனம், பிழை வராத சின்னச் சொல்லு, எல்லாம் பாதுகாப்பா. 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆக்கள் ஏழு மென்பொருளை எடுத்து, இங்கிலிஷ் தாய்மொழி இல்லாத ஆக்கள் டோஃபல் எண்டுற இங்கிலிஷ் சோதனைக்கு எழுதின 91 கட்டுரையைக் குடுத்துப் பார்த்தினம், சராசரியா பாதிக்கு மேல ஏஐ எண்டு வந்தது. சாட்ஜிபிடிய செஞ்ச ஓபன்ஏஐயே தாங்கள் விட்ட கண்டுபிடிப்பானை 2023 ஜூலையில மூடிட்டுது, ஏஐ எழுதினதில 26 வீதத்தைத்தான் பிடிச்சது, மனுசன் எழுதினதில 9 வீதத்தை ஏஐ எண்டும் சொன்னது. இந்த மாதிரி ஒரு சாமானை வச்சு ஒரு பிள்ளையைக் கள்ளன் எண்டா, அது மெல்பேர்ன்ல ஒரு பக்க நடுவர் குடுத்த நோ போல்தான்.

முரளி இதுக்கு என்ன செஞ்சார் தெரியுமா? 2004ல கை மடங்கவும் நிமிரவும் ஏலாத மாதிரி கெட்டியா ஒரு பிரேஸ் கட்டிக்கொண்டு, டிவி கமராக்கு முன்னால வந்து பந்து போட்டுக் காட்டினார். பந்து திரும்பிச்சு. எனக்கு முரளிட 800வது விக்கெட்டை விட, 2010 காலியில இந்தியாவின்ட ஓஜா கட்ச் குடுத்தாரே, அதை விட இந்த வீடியோதான் விருப்பம்.

அதனால சேர்மார், மிஸ்மார், மென்பொருள் சொல்லுற வீதத்தை விட்டிட்டு பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்தி, நீ எழுதின இந்தப் பந்தியை எனக்கு வாயால விளங்கப்படுத்து எண்டு அஞ்சு நிமிஷம் கேளுங்கோ. நேரம் போகும்தான். நாற்பது பேர் கிளாஸ்ல எல்லாரையும் கேக்க ஏலாது, எனக்குத் தெரியும், நானும் சந்தேகம் வந்தா மட்டும்தான் கேக்கிறன்.

அந்தப் பெடியனையும் சனிக்கிழமை கிளாஸ் முடிய நிக்கச் சொன்னன். போனை என்ட மேசையில வச்சிட்டு போர்ட்டுக்கு வந்தான். "வகையீடெண்டா என்னடா?" "தெரியா சேர்." "சரி, நான் படிப்பிச்ச வர்க்கப் பூர்த்தியில செய் பாப்பம்." பத்து நிமிஷம் நிண்டான், மூண்டாவது வரியில மைனஸை விட்டிட்டான், விடை பிழை. பிறகு தானே மேல பார்த்து, அந்த இடத்தை விரலால அழிச்சு, மைனஸை வச்சான். வந்த விடை சரி, ஹோம்வேர்க்கில இருந்த அதே விடைதான்.

மார்க்கரை மூடிட்டு கேட்டான், "சேர், முரளி அந்த பிரேஸோட தூஸ்ராவும் போட்டவரா?"

போட்டவர்டா, தூஸ்ராவும்தான் எண்டன். போனை எடுத்துக்கொண்டு போய் படியில நிண்டே அந்த வீடியோவைத் தேடத் தொடங்கிட்டான்.