சூடு காட்டினால் பிளாஸ்டிக் என்ன ஆகும்?

[காட்சி: காரைக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடை. தரையில் ஒரு மூட்டை பிளாஸ்டிக்கைக் கொட்டுகிறார்கள்.]

குரல்: உடைஞ்ச நாற்காலி, தண்ணி பாட்டில், தேன்குழல் வந்த பளபள பாக்கெட், கேரி பேக், மிக்சி பெட்டிக்குள்ள இருந்த தெர்மகோல், பி.வி.சி குழாய்த் துண்டு. நாம எல்லாத்தையும் பிளாஸ்டிக்னு ஒரே பேர்ல சொல்லிடுறோம். ஆனா சூடு பட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி உடையும். 'பிளாஸ்டிக்ல இருந்து எண்ணெய்'னு யார் பேசினாலும், முதல்ல 'எந்த பிளாஸ்டிக்?'னு கேளுங்க.

பிளாஸ்டிக்கைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கிறது கொளுத்துற வேலை இல்லை. காலி மனையில குப்பைக்குத் தீ வச்சா ஆக்சிஜன் சேர்ந்து எரியும். அதுல பி.வி.சி இருந்தா டையாக்சின் மாதிரி கொடிய நஞ்சும் புகையோட வரும். தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பைரோலிசிஸ், அதாவது வெப்பச் சிதைவு, காத்துப் புகாத எஃகுக் கலனுக்குள்ள நடக்குது. சூடு பெரும்பாலும் 400-லிருந்து 600 டிகிரி வரைக்கும். ஆக்சிஜன் இல்லாததால பிளாஸ்டிக் எரியாது, அதோட மூலக்கூறுச் சங்கிலி அறுந்துபோகும்.

[அனிமேஷன்: மஞ்சள் கயிற்றில் கோர்த்த கழுத்துரு.]

நகரத்தார் கல்யாணத்துல கழுத்துரு, அதாவது அவங்க தாலி, பார்த்திருப்பீங்க. ஒரே கயித்துல உருவா கோர்த்திருக்கும். பிளாஸ்டிக்கும் அப்படித்தான், சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஆயிரக்கணக்குல கோர்த்தது. தெர்மகோல், அதாவது பாலிஸ்டைரீன், சூடானதும் நுனியில இருந்து ஒவ்வொரு உருவா உதிரும். அதனால பெரும்பகுதி ஸ்டைரீனாவே திரும்பக் கிடைக்குது. கடைப் பெயர்ப்பலகைக்குப் போடுற அக்ரிலிக் இன்னும் சுத்தம், பத்துல ஒன்பது பங்குக்கு மேலயே மூலப்பொருளா வந்துடும்.

கேரி பேக் அப்படி இல்லை. பாலிஎத்திலீன் சங்கிலி கண்ட இடத்துல அறும். ஒண்ணு குட்டையா வாயு, ஒண்ணு நடுத்தரமா எண்ணெய், ஒண்ணு நீளமா மெழுகு. வர்ற ஆவியைக் குளிர்விச்சா எண்ணெயும் மெழுகும் இறங்கும். குளிராத வாயுவை அந்தக் கலனைச் சூடாக்கவே எரிச்சுக்கலாம்.

[காட்சி: குழாயிலிருந்து பழுப்பு நிற எண்ணெய் சொட்டுகிறது.]

இந்த எண்ணெயை வச்சு என்ன செய்யுறோம்ங்கிறதுதான் முக்கியம். டேராடூன்ல இந்தியப் பெட்ரோலிய நிறுவனமும் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலும் சேர்ந்து 2019-இல் ஒரு ஆலை திறந்தாங்க. ஒரு டன் கழிவுல இருந்து 800 லிட்டர் வரைக்கும் டீசல் எடுக்கிற ஏற்பாடு. நல்ல பொறியியல்தான். ஆனா டீசலை ஒருதடவை எரிச்சா கார்பன் எல்லாம் வானத்துக்குப் போயிடும். அதே எண்ணெயைச் சுத்தம் பண்ணி, நாப்தாவை, அதாவது கச்சா எண்ணெயில இருந்து பிரிக்கிற லேசான எண்ணெயை, உடைக்கிற ஆலையில 800 டிகிரிக்கு மேல சூடாக்கினா எத்திலீனும் புரொப்பிலீனும் கிடைக்கும். அதுல இருந்து புது பிளாஸ்டிக் செய்யலாம். என்னைக் கேட்டா, மறுசுழற்சிங்கிற பேர் இந்த வழிக்குத்தான் பொருந்தும்.

இதுக்குப் பெரிய எதிரி பி.வி.சி. அதோட எடையில பாதிக்கு மேல குளோரின். சுமார் 250 டிகிரி தாண்டினாலே ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பிடும். ஈரத்தோட சேர்ந்தா அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எஃகுக் கலனையே அரிச்சுத் தின்னுடும், எண்ணெய்க்குள்ளயும் குளோரின் கலந்துடும். உலோக அரிப்பு எவ்வளவு பெரிய விஷயம்னு காரைக்குடிக்காரங்களுக்குச் சொல்லணுமா? 1948-இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து இங்க வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தோட முக்கியமான ஆராய்ச்சியில அரிப்பும் ஒண்ணு.

நாற்காலியை இந்தக் கலன்ல போடுறது வீண். உருக்கி இன்னொரு பொருளா வார்த்துடலாம், செலவும் கம்மி. ஆனா தேன்குழல் பாக்கெட்டை யாரும் எடைக்கு எடுக்க மாட்டாங்க. பல அடுக்கு பிளாஸ்டிக், உள்ள மின்னுற அலுமினியம், மேல எண்ணெய்ப் பிசுக்கு. இதை உருக்கி வார்க்க முடியாது. சூட்டுல போட்டா பிளாஸ்டிக் அடுக்கு ஆவியாகி, அலுமினியம் அடியில கரியோட தங்கும். வேற கதி இல்லாத இந்த மாதிரிக் கழிவுக்குத்தான் பைரோலிசிஸ் வேணும்.

[காட்சி: ஒரு வாளித் தண்ணீரில் துண்டுகளைப் போடுகிறார்கள்.]

எதை உள்ள விடணும்னு ஒரு வாளித் தண்ணியே ஓரளவு காட்டிடும். கேரி பேக், நாற்காலித் துண்டு மிதக்கும். பி.வி.சி, தண்ணி பாட்டில் துண்டு மூழ்கும். பாட்டில் பெட் வகை, அதுல ஆக்சிஜன் இருக்கு. பைரோலிசிஸ்ல போட்டா எண்ணெய் சரியா வராது, அமிலப் பொடி படிஞ்சு குழாயை அடைக்கும். பெட்டுக்கு வேற வழி இருக்கு. எத்திலீன் கிளைக்கால்ங்கிற திரவத்தைச் சேர்த்து 200 டிகிரிக்குக் கிட்ட சூடாக்கினாலே சங்கிலி பிரியும், அதைச் சுத்தம் பண்ணித் திரும்பவும் பாட்டிலாவே செஞ்சுக்கலாம்.