ஒரே பெட்டகம், ஒரே பட்டாசு: 'தி லில்லி ஆஃப் பாவர்ட்டி ஃப்ளாட்' தொலைந்த கதை

[திரையில்: கறுப்புப் பின்னணி. 1915 என்ற எண் மட்டும்.]

'தி லில்லி ஆஃப் பாவர்ட்டி ஃப்ளாட்' 1915-இல் அமெரிக்காவில் வெளியான மௌனப்படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூட எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பார்க்க முடியாத படத்துக்கு வீடியோ எதற்கு என்று கேட்பீர்கள். அதை எடுத்தவர்களின் கதையும் அது அழிந்த விதமும் அப்படிப்பட்டவை.

முதலில் மூலக்கதை. அதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ப்ரெட் ஹார்ட் பதின்ம வயதில் கலிபோர்னியாவுக்கு வந்தவர். தங்க வேட்டைக் காலத்துச் சுரங்க முகாம்களையும் அங்கே திரிந்த சூதாடிகளையும் குடிகாரர்களையும் எழுதியே புகழ் பெற்றார். அவருடைய 'ஹெர் லெட்டர்' என்ற கவிதையில், ஒரு பெண் நியூயார்க்கின் விருந்து முடிந்து வந்து காதலனுக்குக் கடிதம் எழுதுகிறாள். பாவர்ட்டி ஃப்ளாட் முகாமில் பன்றி இறைச்சியும் மாவும் விற்ற அப்பா இப்போது பெரிய மனிதர். அவருடைய வண்ணம் தீட்டிய புகைப்படத்தைப் பார்த்தால் உன்னால் அடையாளம் காண முடியாது என்று கேலி செய்கிறாள். அவள் மனமோ தன்னோடு ஒரு முறை ஆடுவதற்காக ஆற்றை நீந்திக் கடந்துவந்த ஜோவிடமே இருக்கிறது. சில பத்திகள்தான். இதிலிருந்து முழுநீளப் படம் எடுக்கலாம் என்று நினைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

[திரையில்: கலிபோர்னியா வரைபடம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சான் ரஃபேல்.]

அந்தத் துணிச்சல் ஜார்ஜ் மிடில்டனுக்கு இருந்தது. அவர் கார் வியாபாரி. பணக்காரர்களின் ஆதரவோடு சான் ரஃபேலில் 'கலிபோர்னியா மோஷன் பிக்சர் கார்ப்பரேஷன்' வளர்ந்தது. சினிமா என்றாலே ஹாலிவுட் என்று ஆகிவிடாத காலம் அது. நிறுவனத்தின் நட்சத்திரம் மிடில்டனின் மனைவி பியாட்ரிஸ் மிச்சலேனா. வெனிசுவேலாவிலிருந்து வந்த ஓபரா பாடகரின் மகள். தானும் மேடையில் பாடிப் பெயர் வாங்கியவர். குரலால் புகழ் பெற்ற ஒருவரைக் குரலே கேட்காத ஊடகத்துக்குக் கூட்டிவந்தார்கள். விசித்திரம்தான். ஆனாலும் எடுபட்டது.

1914-இல் ஹார்ட்டின் இன்னொரு கதையிலிருந்து 'சலோமி ஜேன்' எடுத்தார்கள். வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நடிக்கவில்லை. உண்மையான ரெட்வுட் மரக் காடுகளுக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு 'லில்லி'. அதே 1915-இல் ஹார்ட்டின் மற்றொரு கதையான 'எ ஃபிலிஸ் ஆஃப் தி சியராஸ்'. பிறகு பணம் கரைந்தது. 'ஃபாஸ்ட்' என்ற பெரிய முயற்சி பாதியில் நின்றது, நிறுவனமும் விழுந்தது.

ஆனால் படச்சுருள்கள் சான் ரஃபேலில் ஒரு பெட்டகத்தில் பத்திரமாக இருந்தன. 1931-இல் ஒரு சிறுவன் அதற்குள் பட்டாசைக் கொளுத்திப் போட்டான் என்று சொல்கிறார்கள். வெடித்து எரிந்தது, இருந்த படங்கள் எல்லாம் போயின.

[திரையில்: நைட்ரேட் சுருள் எரியும் காட்சி.]

ஒரு பட்டாசுக்கு இவ்வளவு வலிமையா? அன்றைய படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்தாகப் பயன்பட்ட 'கன்காட்டன்' என்ற வெடிபருத்தியின் நெருங்கிய உறவு. எரியும்போது தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே வெளியிடும். தண்ணீரில் அமுக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும். நெருப்பு படாவிட்டாலும் ஆண்டுகள் போகப் போகப் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். போதாக்குறைக்கு, ஓடி முடிந்த படங்களை, சுருளில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. மௌனப்படங்களின் அழிவுக்கு விபத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவற்றுக்கு நாளைக்கும் மதிப்பு இருக்கும் என்று தயாரித்தவர்களே நம்பவில்லை.

2013-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை வெளியான முழுநீள அமெரிக்க மௌனப்படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் அசல் 35 மி.மீ. வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 சதவீதம்தான்.

[திரையில்: ஆஸ்திரேலியா.]

இங்கேதான் கதை திரும்புகிறது. 'சலோமி ஜேன்' படமும் போய்விட்டது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பிரதி கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு பிரதி ஊர் ஊராக ஓடி, கடைசியில் கடல் கடந்த நாடுகளுக்குப் போகும். திருப்பி அனுப்பக் கப்பல் கூலி வீண் என்று பல பிரதிகள் போன இடத்திலேயே விடப்பட்டன. வீட்டில் பூட்டிவைத்தது எரிந்தது, கழித்துவிட்டது பிழைத்தது. 2011-இல் 'சலோமி ஜேன்' டிவிடியாகவே வந்துவிட்டது. மிச்சலேனாவை இன்று பார்க்க விரும்புபவர்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

'லில்லி'யும் அப்படி எங்காவது கிடக்குமா? ஹார்ட்டின் கதை அல்ல என்றாலும், கலிபோர்னியாவைக் களமாகக் கொண்ட 1928-இன் 'ரமோனா' பல பத்தாண்டுகள் காணாமல் போய், செக் நாட்டின் பிராகா நகரில் உள்ள திரைப்பட ஆவணக்காப்பகத்தில் கிடைத்து, 2014-இல் மீண்டும் திரையேறியது. ஆகவே 'லில்லி'யை நான் இன்னும் முற்றிலும் கைகழுவத் தயாராக இல்லை. ஆனால் கிடைக்கும் என்று பந்தயம் கட்டவும் மாட்டேன். நைட்ரேட்டுக்கு நூறு வயது என்பது மிகப் பெரிய வயது.