சன்னல் சீட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். நண்பர் ஒருவர், தான் எழுதிக்கொண்டிருக்கும் விடுமுறைக் காதல் நாவலைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஏற்காடு போகும் ஒரு பெண்ணின் கதை. சேலம் பஸ் ஸ்டாண்டில் வெளியே நின்றபடியே கைப்பையை உள்ளே போட்டு சன்னல் சீட்டைப் பிடிக்கிறாள். மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாவது வளைவில் பக்கத்துக் குழந்தைக்குக் குமட்டுகிறது. அதன் அம்மா, “கொஞ்சம் மாறி உட்கார்றீங்களா?” என்கிறார். இவள் காதில் மாட்டியதைக்கூடக் கழற்றாமல், “நான்தான் முதல்ல வந்தேன்” என்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை, பாருங்கள்!

மூன்றாவது அத்தியாயத்தில் நண்பர் பயந்துவிட்டார். அவளுக்குச் சின்ன வயதில் அம்மா இல்லை, காதலித்தவன் ஏமாற்றிவிட்டான் என்று அடுக்குகிறார். சிடுமூஞ்சிக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கித் தருவதுபோல இருந்தது. வெட்டச் சொன்னேன்.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், நடன விருந்தில் நாயகி எலிசபெத்தின் காதுபடவே அவள் அழகைக் குறைத்துப் பேசுகிறான் நாயகன் டார்சி. 200 ஆண்டு தாண்டியும் அவனுக்கு ரசிகைகள் உண்டு. ஆணுக்கு அது கெத்து. அதையே ஒரு பெண் செய்தால் திமிர். நம் சினிமாவில் அந்தத் திமிரை ஒரு பாட்டுப் பாடியோ கன்னத்தில் ஓர் அறை விட்டோ நாயகன் ‘அடக்கி’ விடுவான். அடங்கினவள் மாறிவிட்டாள் என்று யார் சொன்னது?

நண்பரின் நாவலில் எனக்குப் பிடித்த இடம் வேறு. டிசம்பரில் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். ஏரியில் படகு ஏறிவிட்டுத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரே கொத்தில் சிவப்பும் இருக்கும், பச்சையும் இருக்கும். பழுத்ததை மட்டும் எடுத்துவிட்டு, அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். நம்மாள் வீம்புக்குத் தோட்டத்தில் இறங்கி, கிளையையே உருவுகிறாள். பறிக்கும் அம்மா ஒருவர், “பச்சைய ஏன் கண்ணு உருவுற? அது அடுத்த தடவைக்கு” என்கிறார். இவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே வரிசையில் நிற்கிறாள். சாயங்காலம் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் அவள் கூடையைக் கொட்டி, பச்சைக் காய்களைப் பேசாமல் பொறுக்குகிறான். “சொல்லித் தொலையேன்!” என்று கத்துகிறாள். அவன் நிமிராமல், “நேத்தைக்கு இது கம்மி” என்கிறான். காதல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்புறம் வரும் பனிமூட்டம், கேம்ப் ஃபயர் எல்லாம் வழக்கம்போலத்தான், தாண்டிப் போய்விடலாம்.

கடைசியில், கீழே இறங்கும் பஸ்ஸில் சீட்டை விட்டுக்கொடுக்க வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். இப்போது இப்படி எழுதியிருக்கிறார்: மறுபடியும் சன்னல் சீட்டு, பக்கத்தில் வேறொரு குழந்தை. அவள் நகரவில்லை. பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, குழந்தையின் கையில் வைத்துவிட்டு வெளியே பார்க்கிறாள்.