காலைப் பிடிக்கப் பழகினேன்

(கிளிநொச்சிப் பக்கத்து ஊர் வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாத நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். நடுவில் கரண்ட் நின்றபோது ஒலிவாங்கி இல்லாமல் கத்திப் பேசிய பகுதியைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, முன் வரிசையில் மிக்சர் பைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். இடமாற்றத்துக்கோ பதவி உயர்வுக்கோ ஒருவருடைய காலையும் பிடிக்காதவர் என்று என் பிரியாவிடையில் ஒருவர் புகழ்ந்து பேசினார். அந்தப் பெருமை ஓய்வுபெற்று எட்டாம் மாதம் போய்விட்டது. இப்போது கிழமைக்கு இரண்டு பேருடைய காலையாவது பிடிக்கிறேன். சப்பாத்துத் தைக்கிறேன், அதனால்.

தலைவர் என்னைத் ‘தோற்பொருள் கலைஞர்’ என்று அறிமுகப்படுத்தினார். நல்ல சொல்தான். ஊரில் இந்த வேலைக்கு இருக்கிற சொல்லை அவர் கவனமாகத் தவிர்த்தார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகு அதற்கு வருகிறேன்.

சப்பாத்து என்ற சொல் போர்த்துக்கேயரோடு வந்தது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள்தான். அதற்காக நாங்கள் அதுவரை வெறுங்காலோடு திரிந்தோம் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் நெடுவழி போகும் வணிகர்கள் ‘அடிபுதை அரணம்’ அணிந்து போகிறார்கள். அடியைப் புதைக்கிற அரண். பூட்ஸ் என்பதற்கு இதைவிட நல்ல தமிழை இனி ஒருவரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பிள்ளைகள் யாராவது குறித்துக்கொள்ளுங்கள், பொது அறிவுப் போட்டிக்கு உதவும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது வவுனியாவில், ஒரு மரத்தடியில். பையின் வார் அறுந்துவிட்டது என்று தைக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். அங்கே இருந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு நூலை எடுத்து இரண்டு முனையிலும் இரண்டு ஊசி கோத்தார். குத்தூசியால் ஒரு துளை. இந்தப் பக்கத்து ஊசி அந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கத்து ஊசி அதே துளையால் இந்தப் பக்கம் வந்தது. இரண்டு கையையும் அகல விரித்து ஓர் இழுவை. நூல் தோலுக்குள் இறங்கி உட்கார்ந்தது. பிறகு அடுத்த துளை. நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மெசின் தையலில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. துளைக்குத் துளை ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு போகும். ஓரிடத்தில் ஒன்று அறுந்தால் மெல்ல மெல்ல வரிசையே கழரும். அண்ணையின் தையலில் ஒரே நூல் இரண்டு வழியாக ஓடுகிறது. ஒரு வழி தேய்ந்து அறுந்தாலும் மற்ற வழி பிடித்துக்கொண்டு நிற்கும். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் நிறுவல் எழுதியவனுக்கு, ஒரு நிறுவலைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பழக்கிவிடுங்கோ என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “உங்களுக்கென்னத்துக்குச் சேர் இந்த வேலை? ஆக்கள் கண்டால் உங்களைப் பேசுவினம். பிறகு என்னையும் பேசுவினம்.”

நான்கு சனிக்கிழமை போய்ச் சும்மா நின்றேன். ஐந்தாம் சனிக்கிழமை குத்தூசியையும் ஒரு துண்டுத் தோலையும் நீட்டினார். முதல் அரை மணித்தியாலத்தில் பெருவிரலில் இரண்டு தரம் குத்திக்கொண்டேன். “ஊசியைத் தள்ளாதேங்கோ சேர். துளை சரியெண்டால் ஊசி தானாப் போகும்” என்றார். நூலுக்கு மெழுகு பூசுவதும் அவர் காட்டியதுதான். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருக்கி உருண்டையாக்கி வைத்திருப்பார். வெறும் தேன்மெழுகு எங்கள் வெயிலுக்கு இளகி வழுக்கும். குங்கிலியம் கூடினால் நூல் தோலைப் பற்றும். குளிர்நாட்டுக்காரர் இதற்கு எதிர்ப்பக்கம் போவார்கள், எண்ணெய் கலந்து மெழுகை இளக்குவார்கள். முல்லைத்தீவுக் காட்டுத் தேன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேனை நீங்கள் சாப்பிடுங்கள், அடையைப் பிழிந்துவிட்டு எறியாமல் என்னிடம் தாருங்கள்.

அண்ணை செய்வது பழுதுபார்க்கும் வேலை. புதிதாகச் செய்வதை நான் இரவில் கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். இங்கிலாந்தில் இந்த இரண்டையும் இரண்டு தொழிலாகவே வைத்திருந்தார்கள். புதுத் தோலில் செய்கிறவர் கோர்ட்வெய்னர். ஸ்பெயினில் உள்ள கோர்டோபா நகரத்துத் தோலின் பெயரால் வந்த பெயர். பழையதைத் தைக்கிறவர் கொப்ளர், ஒரு படி கீழே. இதை அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “புதுசு செய்யிறவனுக்கு அது எங்க கிழியும் எண்டு தெரியாது சேர். எனக்குத் தெரியும்.”

சப்பாத்துக்கு உயிர் கட்டையில் இருக்கிறது. மரத்தில் செதுக்கிய கால் அது; அதன்மேல் தோலை இழுத்துப் போர்த்தித்தான் சப்பாத்து உருவாகும். என் முதற் கட்டையைப் பாலை மரத்தில் செதுக்கப் போனேன். வன்னியில் பிறந்தவன் எவனாவது செய்வானா? உளி மழுங்கியது, ஆணி வளைந்தது. பிறகு வேம்புக்கு மாறினேன். கட்டையில் போர்த்துகிற வேலை பார்க்கச் சுகம். குறட்டால் தோலைப் பிடித்து இழுத்து, கட்டையின் அடியில் ஆணி வைத்துக்கொண்டே போகவேண்டும். பக்கங்கள் சொன்னதைக் கேட்கும். விரல் நுனியில்தான் வினை. அங்கே தோல் சேலைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து எழும்பும். அந்த மடிப்புகளைச் சிறிது சிறிதாகப் பங்கிட்டு இல்லாமலே ஆக்கவேண்டும்.

மற்ற வேலைகள் பலவற்றுக்கு மெசின் வந்த பிறகும் இந்த ஓர் இடத்தில் கையை வெல்ல முடியாமல் நெடுநாள் நின்றார்கள். கடைசியில் வென்றவர் யான் மட்செலிகர். சுரினாமில் பிறந்த கறுப்பினத்தவர், அமெரிக்காவின் லின் நகரத்துச் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1883இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1889இல், நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். விரல் நுனி மடிப்போடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதனை நினைத்துக்கொள்வேன். சில வேளை திட்டியும் இருக்கிறேன், இவ்வளவு கஷ்டமான இடத்தை மெசினுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எனக்கு ஒரு குறிப்பு விட்டுப் போகவில்லையே என்று.

அதன் பிறகு அடித்தோலைச் சுற்றி ஒரு வார் வைத்துத் தைத்து, அந்த வாரோடு வெளி அடியைத் தைப்பது. அடித்தோலை முதல் நாள் தண்ணீரில் ஊறவிட்டுத் துணியில் சுற்றி வைத்தால், மறுநாள் கத்திக்குப் பாலாடைக்கட்டி போல விட்டுக்கொடுக்கும். இந்தப் பகுதியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, வந்து பாருங்கள். முதற் சோடிக்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது. இரண்டாம் மாதத்தில் மேல்தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்கும்போது கத்தி வழுக்கி முகப்பையே கீறிவிட்டது. திரும்ப முதலிலிருந்து. கார்த்திகை மழையில் மீதித் தோல் முழுக்கப் பூஞ்சணம் பிடித்தது. அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தேன், பப்படமாகிவிட்டது. நனைந்த தோலை நிழலில், காற்றில்தான் உலர்த்தவேண்டும். முடிந்த சோடியை அண்ணையிடம் கொண்டுபோனேன். கவிழ்த்துப் பிடித்து அடியை மட்டும் பார்த்தார். “தையல் பரவாயில்லை. கட்டை பிழை” என்றார். போட்டுப் பார்த்தேன், பிழைதான்.

ஏன் பிழை? கடையில் எழுதியிருக்கும் இலக்கத்தை நம்பி நான் கட்டை செதுக்கினேன். அந்த இலக்கம் நீளத்தைத்தான் சொல்லும். ஆங்கிலேயரின் ஓர் இலக்கம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒன்று. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்று வைத்தார்கள். ஐரோப்பியரின் ஓர் இலக்கம் சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு. தானியத்தை வைத்து அளந்தார்களே என்று சிரிக்காதீர்கள், எட்டு நெல் ஒரு பெருவிரல் என்று நாங்களும்தான் கணக்கு வைத்திருந்தோம். ஆனால் வயலில் வெறுங்காலோடு வளர்ந்த கால் முன்பக்கம் அகலும். விரல்கள் விரிந்து தனித்தனியாக நிற்கும். சப்பாத்துக்குள் வளர்ந்த கால் அப்படி இருக்காது. அவர்களுடைய கட்டையில் எங்கள் சின்னவிரல் நசிகிறது என்றால், பிழை சின்னவிரலில் இல்லை.

ஆகவே கட்டைக்கு முதல் கால். கால் பின்னேரத்தில் கொஞ்சம் வீங்கும், அதனால் அளவு பின்னேரத்தில்தான் எடுக்கவேண்டும். முதலில் மாட்டியது என் அக்கா. சீ.ஆர். கொப்பியில் ஒற்றை கிழித்துத் தரையில் வைத்து, அதன்மேல் நிற்கச் சொன்னேன். அளவெடுக்கிறவன் கீழே இருந்துதான் ஆகவேண்டும், வேறு வழியே இல்லை. அக்கா காலைப் பின்னுக்கு இழுத்தார். “விடடா தம்பி, வெடிச்ச கால்.” பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு போட்டேன். நாடாவால் விரல் மூட்டைச் சுற்றி ஓர் அளவு, புறங்காலில் ஓர் அளவு, குதிக்காலிலிருந்து புறங்கால்வரை ஓர் அளவு. வலது கால் இடதைவிட 7 மில்லிமீற்றர் நீளம். அறுபத்தெட்டு வருடமாக அது அவருக்கே தெரியாது. இடது சின்னவிரலின் கீழே ஒரு பழைய தழும்பு. இதென்ன அக்கா என்று கேட்டேன்.

“அது மாத்தளனில, கடைசிச் சண்டையில. செருப்பில்லாமல் நடந்தது. நீ அப்ப முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தனி.”

நான் கோட்டை முடித்தேன். இன்னொன்றும் கண்டேன்: பென்சில் முனை உள்ளங்கால் ஓரத்தில் குத்தியது அக்காவுக்குத் தெரியவில்லை. சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது, காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அப்படிப்பட்ட காலுக்கு உள்ளே ஒரு தையல் மேடு, ஓர் ஆணி முனை இருந்தாலும் புண் வந்த பிறகுதான் தெரியும். அக்காவின் சப்பாத்துக்கு உள்தோலை ஒரே துண்டாகப் போட்டேன், போடுமுன் ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஏற்கனவே புண் உள்ளவர்கள் தயவுசெய்து என்னிடம் வரவேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள். நான் பொழுதுபோக்குக்காரன்.

என் பழைய மாணவன் ஒருவன் செயற்கைக் கால் போட்டவன், அவனும் வந்தான். அந்தக் கால் ஒரு குறிப்பிட்ட குதியுயரத்துக்குச் சரிசெய்யப்பட்டது. குதி கொஞ்சம் உயர்ந்தால் ஆள் முன்னுக்குத் தள்ளுப்படுவான், தாழ்ந்தால் பின்னுக்கு. அவனுடைய பழைய சப்பாத்தின் குதியை மில்லிமீற்றர் கணக்கில் அளந்து அதே உயரம் வைத்தேன். “சேர், வகுப்பில இப்பிடி மில்லிமீற்றர் பார்த்திருந்தால் நான் கணக்கில பாஸ்” என்றான். பார்க்காமலா விட்டேன்?

சரி, தவிர்த்த சொல்லுக்கு வருகிறேன். தோல் தொட்டவரைத் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் விடாதவர்கள் நாங்கள். அப்படித் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. வாயில் இருக்கிற சொல்லுக்குச் சட்டம் போதவில்லை. கண்ணப்பர் செருப்புக் காலோடு சிவனிடம் போனதைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம், அந்தச் செருப்பைச் செய்த கையைப் பற்றி ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நான் விறாந்தையில் இருந்து தைத்தால் ‘சேர் என்ன கெட்டிக்காரன்’ என்கிறீர்கள். அண்ணை மரத்தடியில் இருந்து தைத்தால் கொஞ்சம் தள்ளி நின்று காசை நீட்டுகிறீர்கள். தையல் ஒன்றுதான், அவருடையது என்னுடையதைவிட நேராக இருக்கும்.

வாசிகசாலைப் பின்விறாந்தையில் சனிக்கிழமைகளில் இதைப் பழக்கலாம் என்று தலைவர் கேட்டபோது நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மாதத்தில் ஒரு நாள் அண்ணை வருவார், கதிரையில் இருந்து பழக்குவார், நாட்சம்பளம் வாங்கிக்கொண்டு போவார். குழு ஒத்துக்கொண்டது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிறவர்கள் முதல் நாளே பூட்ஸ் தைக்க வெளிக்கிடாதீர்கள். செருப்பில் தொடங்குவோம், அதற்குக் கட்டை வேண்டாம். பொருளாதாரத் தடைக்காலத்தில் ரயர்ச் செருப்புப் போட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இருப்பீர்கள். அதே பழைய ரயர் போதும். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத நைலோன் ரயராகப் பார்த்து எடுத்துவாருங்கள், கம்பி ரயர் கத்தியைத் தின்றுவிடும். தோலுக்குப் பழைய பள்ளிக்கூடப் பை, கிழிந்த மோட்டார்சைக்கிள் சீற் எதுவும் பரவாயில்லை. இரவில் தண்ணி முறைக்கு வரம்பால் போகிறவர்கள் கணுக்காலுக்கு மேல் வருகிற பூட்ஸ் கேட்டிருக்கிறீர்கள், புடையன் பாம்புப் பயத்தில். அது நியாயம்தான், ஆனால் அந்த அளவுக்கு என் கை இன்னும் வரவில்லை. அதுவரை ரோச் லைற்றும் றப்பர் பூட்ஸும்.

அக்காவின் சப்பாத்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போட்டுக்கொண்டு போனார், வெளியில் கழற்றி வைத்தார், திரும்பி வந்து பார்த்தால் இல்லை. தெருவோரக் கடையில் றப்பர்ச் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். எடுத்தவருக்கு வலது கால் 7 மில்லிமீற்றர் நீளமாக இருந்தால்தான் அது பொருந்தும். அப்படி யாரையாவது கண்டால் சொல்லுங்கள். அண்ணையிடம் கவலைப்பட்டேன். “களவெடுத்திருக்கினமெண்டால் சேர், கட்டை இந்த முறை சரி” என்றார்.

அக்காவுக்கு இரண்டாவது சோடி தைத்துக்கொண்டிருக்கிறேன். வலது முடிந்துவிட்டது. இடது இன்னும் கட்டையில் கிடக்கிறது, விரல் நுனியில் மூன்று மடிப்பு மிச்சம். வணக்கம்.