பிளாஸ்டிக் ஆலையில் மிஞ்சும் குளோரின் எங்கே போகிறது?

சரி, அடுத்த கேள்வி. டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். "எங்கள் வட்டாரத்தில் பிவிசி குழாய் ஆலை இருக்கிறது. அங்கே மிஞ்சும் குளோரினை என்ன செய்வார்கள்? அதைக் குறைக்க வழி உண்டா?" என்று கேட்கிறார்.

அம்மா, குழாய் ஆலைக்குக் குளோரின் வாயு வருவதே இல்லை. வருவது பிவிசி தூள். அதை உருக்கிக் குழாயாக இழுக்கிறார்கள், வெட்டி விழுந்த துண்டுகளை அரைத்து மறுபடியும் போடுகிறார்கள். சூடு மீறிப்போனால் மட்டும் தூள் கருகி, மூக்கை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும்.

குளோரின் விவகாரம் தூள் தயாராகும் இடத்தில்தான். நம் தென்னாப்பிரிக்காவில் அது சாசோல்பர்க் நகரம். பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். எத்திலீன் என்ற வாயுவோடு குளோரினைச் சேர்த்து, 500 டிகிரி வாக்கில் உடைக்கும்போது, சேர்த்த குளோரினில் பாதி ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிந்துவிடும். இன்றைய ஆலைகளில் அதை ஆக்ஸிஜனோடும் புது எத்திலீனோடும் சேர்த்துத் திரும்ப உள்ளேயே விடுகிறார்கள். அதனால் பிவிசியில் வீணாவது குறைவு.

உண்மையான தலைவலி மெத்தை ஃபோமில். அதற்கான டிடிஐ என்ற திரவத்தைச் செய்யக் குளோரின் வேண்டும், ஆனால் முடிந்த பொருளில் ஒரு துளி குளோரின்கூடத் தங்காது! ஒரு டன் டிடிஐக்குச் சுமார் 840 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். தண்ணீரில் கரைத்தால் அமிலம். இரும்பின் துருவைக் கழுவ விற்கலாம்தான், ஆனால் எவ்வளவு விற்க முடியும்? மீதியைக் காரம் ஊற்றி உப்புத் தண்ணீராக்கிக் கொட்ட வேண்டியதுதான். இத்தனைக்கும், உப்பிலிருந்து ஒரு டன் குளோரின் பிரிக்க 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. லோட் ஷெட்டிங்கில் அவதிப்பட்ட நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

வழி இருக்கிறதா என்றால், 19ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி டீக்கன் என்ற ஆங்கிலேயர் காட்டிவிட்டார். ஹைட்ரஜன் குளோரைடைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு செம்பு வினையூக்கியின் மேல் விட்டால் குளோரினும் தண்ணீரும் கிடைக்கும். ஆனால் 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் செம்பு உப்பு ஆவியாகிப் போய்விடும், கருவிகளும் அரித்துவிடும். ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் செம்புக்குப் பதிலாக ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடைப் போட்டு, குறைந்த சூட்டிலேயே அதை நடத்திக் காட்டியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆலை அளவிலும் ஓடுகிறது. என்னைக் கேட்டால், அமிலத்துக்கு ஆள் தேடி அலைவதைவிட இதுதான் சரியான வழி.

அப்புறம் ஒன்று. அந்த ருத்தேனியம் பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைப்பது. உலகத்துக்குப் போவதில் பெரும்பகுதி ருஸ்டன்பர்க் பக்கத்துச் சுரங்கங்கள் உள்ள நம் புஷ்வெல்ட் பகுதியில் தோண்டியது. விலைதான் தாறுமாறாக ஏறி இறங்கும். அதனால்தான் சீரியம் ஆக்சைடு போன்ற மலிவான மாற்றுகளையும் ஆராய்ந்து பார்க்கிறார்கள்.