வாயில் இருந்த பேச்சு, பிறகு வந்த பெயர்

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் இருக்கிற வரைக்கும் யாரும் தன்னைத் திருநெல்வேலிக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. டவுன், பேட்டை, மேலப்பாளையம் என்றுதான் சொல்வோம். பிழைப்புக்குச் சென்னை போய், மேன்ஷனில் அறை எடுத்து, வாய் தவறி "ஏல, இங்க வால" என்று கூப்பிட்டதும் பக்கத்து அறைக்காரன் சிரிப்பான் பாருங்கள், அன்றைக்குத்தான் நாம் திருநெல்வேலிக்காரன் ஆகிறோம். பேச்சு சின்ன வயசிலிருந்தே வாயில் இருந்ததுதான். பெயர்தான் அன்றைக்கு வந்தது.

பாலீர்ப்பும் அடையாளமும் இப்படித்தான். யார்மேல் மனசு சாய்கிறது என்பது நாம் யோசித்து முடிவெடுப்பதல்ல. அதற்கு ஒரு பெயர் வைத்து "நான் இன்னார்" என்று சொல்லிக்கொள்வது வேறு வேலை. ஒருவருக்கு அது பதினாறில் நடக்கும், ஒருவருக்கு ஐம்பதில், ஒருவருக்கு நடக்காமலே போகும்.

ஆணை விரும்பும் ஆண் என்றதும் "அப்ப திருநங்கையா?" என்று கேட்கிறார்கள். இல்லை. தன்னை ஆணாக உணர்கிறோமா பெண்ணாக உணர்கிறோமா என்பது ஒன்று, யாரை நாடுகிறோம் என்பது இன்னொன்று.

1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான உடலுறவு என்று ஒரு செயலைத்தான் குற்றம் என்றது. ஆனால் பயம் ஆட்கள்மேல் ஒட்டிக்கொண்டது. வயது வந்த இருவர், ஒரே பாலினமாக இருந்தாலும், மனமொத்து இருப்பது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 ஆகிவிட்டது. 2021-இல், ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஈர்ப்பை மாற்றிக் காட்டுகிறேன் என்கிற சிகிச்சைக்கும் தடை போட்டார். எனக்கு அந்தத் தீர்ப்பைவிட அவர் போய் உட்கார்ந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி கேட்கிறார்: "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிராதா?" அண்ணாச்சி, கால்கட்டு காலைத்தான் கட்டும். அந்த வீட்டுக்கு வாழ வருகிற பிள்ளை என்ன பாவம் செய்தது?

என்னிடம் ஒரு பையன் வந்தான். இருபது வயசிருக்கும். அரை மணி நேரம் பேச்சில்லை. கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து நெல்மணி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். கடைசியில், "இது வியாதியா சார்?" என்றான். இல்லை, 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் பாலினத்தை நாடினால் தன்பாலீர்ப்பு, இரு பாலினத்தையும் நாடினால் இருபாலீர்ப்பு என்று தெரிந்ததையெல்லாம் கடை விரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தப் பேருங்கிற சட்டை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு சார், இப்ப வேண்டாம்" என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

அதே மாதம் ஓர் அம்மா வந்தார், பேரன் பேத்தி எடுத்தவர். பள்ளிக்கூட நாளில் கூடப் படித்த தோழியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் தன்பாலீர்ப்பு என்கிற சொல்லைச் சொன்னதும், "இதுக்குப் பேரு கூட இருக்கா?" என்றார். தாளில் எழுதித் தரச் சொன்னார். கொடுத்தேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான் என்று எழுந்துவிட்டார்.