ஐம்பதை நெருங்கும்போது ஒரு ஜாம் தொழில்: மலைக்கு ஏற்ற கணக்கு

[காட்சி: ஊட்டியில் ஒரு வீட்டுச் சமையலறை. அடுப்பில் அகலமான எவர்சில்வர் பாத்திரம். அதில் ஒரு தெர்மாமீட்டர்.]

தெர்மாமீட்டரைப் பாருங்கள். 93 டிகிரிகூட ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கருவி பழுதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இப்படித்தான். குன்னூரில் ஒரு டிகிரி கூடுதலாக வரும்.

பிள்ளைகள் படிப்புக்கோ வேலைக்கோ கீழே இறங்கிப் போனபின், நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் "இனி எனக்கென்று ஒரு வேலை" என்று ஜாம் போடத் தொடங்குகிற பெண்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான். எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் "105 டிகிரி வந்ததும் இறக்கவும்" என்று இருக்கும். அது சமவெளிக் கணக்கு. இங்கே 105 வரும்வரை காத்திருந்தால் ஜாம் பாகாக இறுகி, அடிபிடித்து, மறுநாள் கரண்டியே இறங்காது. இருபத்தைந்து வருடம் சமைத்த கையையே சந்தேகப்பட்டு விட்டுவிடுவார்கள். கை சரியாகத்தான் இருக்கிறது. எண்ணை மாற்றினால் போதும்.

ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். என்ன டிகிரி காட்டுகிறதோ அதோடு ஐந்தைக் கூட்டுங்கள். 92.5 என்றால் 97.5. உங்கள் வீட்டு அடுப்பில் ஜாம் இறக்க வேண்டிய சூடு அதுதான்.

[திரையில்: பழக்கூழ் 5 கிலோ, சர்க்கரை 5 கிலோ, ஜாம் சுமார் 8.4 கிலோ]

பிளம்ஸை எடுத்துக்கொள்வோம். கொட்டை நீக்கிய கூழ் 5 கிலோ, சர்க்கரை 5 கிலோ. கூழில் கரைந்திருக்கும் திடப்பொருள் 12 சதவீதம் என்று வைத்தால் 600 கிராம். சர்க்கரையோடு சேர்த்து 5.6 கிலோ. ஜாமில் இது குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நாம் 67 வைத்துக்கொள்வோம். 5.6 கிலோவை 0.67-ஆல் வகுத்தால் சுமார் 8.4 கிலோ. வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வைத்திருந்தால், பாத்திரத்தோடு தராசில் வைத்து ஜாம் 8.4 கிலோவுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று காட்டும் பிரிக்ஸ் மீட்டர் வாங்கும்வரை இந்தத் தராசே போதும்.

5 கிலோ கூழுக்கு மேல் ஒரே பாத்திரத்தில் போடாதீர்கள். அளவு கூடினால் வற்ற நேரமாகும். நேரம் நீண்டால், ஜாமை உறையவைக்கும் பெக்டின் என்ற பழத்தின் பொருள் உடைந்து ஜாம் உறையாது, நிறமும் கறுத்துவிடும். நன்றாகப் பழுத்த பழத்தோடு நான்கில் ஒரு பங்கு செங்காயாகவும் சேர்த்தால் பிளம்ஸுக்குத் தனியாகப் பெக்டின் தூள் தேவைப்படாது.

[காட்சி: நெருக்கத்தில் ஒரு பாட்டில். மூடிக்கு அடியில் மெல்லிய வெள்ளைப் படலம்.]

இது பூஞ்சை. சரியாக வற்றாதது ஒரு காரணம், ஈரம் இன்னொன்று. பனிமூட்ட நாளில் பாட்டிலைத் துணியால் துடைத்தால் காயாது. கொதிநீரில் போட்டு எடுத்து, தட்டில் கவிழ்த்து ஓவனில் உலர்த்துங்கள். ஜாமை 85 டிகிரிக்குக் குறையாத சூட்டில் ஊற்றி உடனே மூட வேண்டும். பாட்டிலும் சூடாக இருக்கட்டும். சில்லிட்ட கடப்பாக்கல் மேடையில் வைத்துச் சூடான ஜாமை ஊற்றினால் கண்ணாடி 'டப்' என்று விரியும். அடியில் ஒரு மரப்பலகை போடுங்கள்.

ஜாமில் நீர் கசிந்தால் புளிப்பு அதிகம் என்று பொருள். சர்க்கரை மணல்போல் நறநறத்தால் ஜாம் அளவுக்கு மீறி வற்றியிருக்கும், அல்லது புளிப்பு போதாது.

அடுத்து உடம்பு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென்று உடல் கொதிப்பது பலருக்கு உண்டு, அப்போது அடுப்பு முன் நிற்பது கொடுமை. காய்ச்சும் வேலையை விடிகாலையில் வையுங்கள். பக்கத்து ஜன்னல் திறந்திருக்கட்டும். கொதிக்கும் 8 கிலோ ஜாமைப் பாத்திரத்தோடு தூக்கவே கூடாது. எடை பார்ப்பதற்கும் அடுப்பை அணைத்துக் கொதி அடங்கியபின் இருவராகப் பிடித்து வையுங்கள். பாட்டிலில் ஊற்ற, கைப்பிடியுள்ள எவர்சில்வர் ஜக்கில் மொண்டுகொள்ளுங்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்வது திறமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

[திரையில்: ஒரு கணக்கு நோட்டு]

8.4 கிலோவில் 250 கிராம் பாட்டில் 33 வரும். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், முறையைப் பாருங்கள். பழம் 600 ரூபாய், சர்க்கரை 225, பாட்டில் 594, மூடியும் லேபிளும் 198, எரிவாயு 80. மொத்தம் 1,697. ஒரு பாட்டிலுக்கு சுமார் 51 ரூபாய். 70-க்கு விற்றால் 19 லாபம் என்று தோன்றும். இரண்டு பேர் அரை நாள் நின்றார்களே, அந்தக் கூலி எங்கே? 700 என்று எழுதுங்கள். அடக்கம் 73 ஆகிவிட்டது. 70-க்கு விற்பது நஷ்டம். வீட்டுவேலைக்குக் கூலி எழுதிப் பழக்கமில்லாததால் இந்த வரி மட்டும் நோட்டில் வராமலே போகிறது. கடைக்காரர் 30 சதவீதம் எடுத்தால், 150 ரூபாய்ப் பாட்டிலுக்கு உங்கள் கைக்கு வருவது 105.

பணத்துக்கு வருவோம். முதலில் உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு. ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், இடைத்தரகருக்குப் பணம் தராதீர்கள். சில திட்டங்களில் வயது வரம்பு உண்டு. புதிதாகத் தொழில் தொடங்கக் கடனும் மானியமும் தரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தின் விதியில் 18 வயதுக்கு மேல் உச்ச வரம்பு இல்லை. திட்டச் செலவில் பெண்களின் சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் ஊரகப் பகுதியில் 35, நகரப் பகுதியில் 25. ஆனால் புதிய தொழிலுக்கு மட்டும்தான் தருவார்கள். ஆர்வத்தில் முன்பே தொடங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் தள்ளுபடியாகும். ஆகவே எதையும் தொடங்குமுன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். நிலப் பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். சிறுதொழில் கடன் 20 லட்சம் வரை (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்கக்கூடாது. அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். தொகுதி எண் (எந்தத் தடவை காய்ச்சியது என்று காட்டும் எண்), நிகர எடை, சேர்மானம், தேதி, பச்சைப் புள்ளி, முகவரி எல்லாம் வேண்டும்.

பிளம்ஸ் பழுப்பதே மே, ஜூனில், அதற்குள் சீசன் கூட்டம் குறையத் தொடங்கிவிடும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன்பதிவுச் சீட்டு வந்துவிட்டது. ஆகவே சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பாமல் கோவை, மதுரைப் பக்கம் நிலையாக வாங்கும் நாலு கடைகளைப் பிடியுங்கள். கூழை டீப் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் பூஜை விடுமுறைக்கும் டிசம்பருக்கும் காய்ச்சலாம்.

[காட்சி: அலமாரியில் தேதி எழுதிய பாட்டில்கள்.]

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பாட்டிலை விற்காமல் எடுத்து வையுங்கள். ஒன்றை மூன்றாம் மாதம், மற்றதை ஆறாம் மாதம் திறந்து நிறம், மணம், நீர்க்கசிவு பார்த்துத் தொகுதி எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். ஆய்வக அறிக்கையோடு இதையும் வைத்துப் பார்த்தபின், 'எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும்' என்பதை லேபிளில் அச்சடியுங்கள்.